கையில் எத்தனை துடுப்பு?

தசரா வந்துவிட்டால் மைசூரில் பூவுக்குக் கிராக்கி. தேவராஜ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே செவ்வந்தி மூட்டைகள் வந்து இறங்கும். மல்லிகை கட்டி முழம் போட்டு விற்கும் பூக்கார அம்மாவுக்கு அந்தப் பத்து நாளும் தூக்கம் கிடையாது.

இந்தத் தசராவுக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெங்களூரில் ஒரு விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பள்ளியில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த பெண் அவள். நல்ல உயரம், நீண்ட கைகள். அதைப் பார்த்துத் துடுப்புப் படகோட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகுதான் படகில் ஏற்றினார்கள். இப்போது எட்டு மாதம் ஆகிறது.

மகள் வந்த மகிழ்ச்சி அம்மாவுக்கு நிலைக்கவில்லை. பெண் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் பாதி டம்ளர் காபி. மதியம் ஒரு வெள்ளரிக்காய். தண்ணீரைக்கூட அளந்து குடித்தாள். இரண்டாம் நாள் பூக்கூடையைத் தூக்கி வைக்கும்போது கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்று பதறினாள் அம்மா.

"எடை குறையணும்மா. பெண்களுக்கு 59 கிலோ. அதுக்கு மேலே போனா ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டாங்களாம். நான் 61 இருக்கேன். விடுதியில் எல்லாரும் சொன்னாங்க. வர்ற ஜனவரியில் எனக்குப் பதினெட்டு முடியுது. அதுக்கப்புறம் சின்னவங்க பிரிவிலேயும் சேர முடியாதாம். இதுதான் கடைசி வாய்ப்பு."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். போட்டி அறிவிப்பு அது. அம்மா வயது வந்தோர் வகுப்பில் எழுத்துக் கற்றவள். தமிழும் கன்னடமும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் அந்தத் தாளில் இருந்தது தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள். பெருக்கல் குறி ஒன்று. கூட்டல் குறி ஒன்று. கழித்தல் குறி ஒன்று.

"இது என்னடி, கணக்குப் பாடம் மாதிரி இருக்கு?"

மகளுக்குத் தன் பிரிவு ஒன்றுதான் தெரியும். மற்றவற்றை அவள் கேட்டதே இல்லை.

அம்மா தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படையின் இருப்பிடம் பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள வீரர்களைத் 'தம்பி' என்றுதான் ராணுவத்தில் அழைப்பார்கள். அல்சூர் ஏரியில் நான்கு ஆண்டுகள் துடுப்புப் போட்டவர் அண்ணன்.

மாலையில் அவர் வந்தார். தாளைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

"முதல்லே சோறு போடு தங்கச்சி. அப்புறம் பாடம்" என்றார்.

பெண் தயங்கினாள். "அந்த 59 கிலோ விஷயத்தை நான் பார்த்துக்கறேன். நீ ரசம் ஊத்திச் சாப்பிடு" என்றார் மாமா.

பரிசல் வேறு, பந்தயப் படகு வேறு

மாமா ஒரு தட்டை எடுத்துத் தரையில் வைத்தார். "இது பரிசல்" என்றார்.

பரிசல் அம்மாவுக்குத் தெரியும். ஸ்ரீரங்கப்பட்டணம் சங்கமத்தில் பார்த்திருக்கிறாள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிக் கூடை போல முடைவார்கள். முன்பு மேலே தோல் போர்த்துவார்கள். இப்போது தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு. பரிசல்காரர் கையில் ஒரு துடுப்புதான் இருக்கும். அதை எங்கும் மாட்டி வைப்பதில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார். கொஞ்சம் அசந்தால் பரிசல் சுற்றும்.

"கேரளாவில் சுண்டன் வள்ளம் இருக்கு. ஆலப்புழையில் நேரு கோப்பைக்குப் போட்டி போடுவாங்களே, அது. நூறு பேருக்கு மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுவாங்க. அவங்களும் முன்பக்கம் பார்த்துத்தான் உட்காருவாங்க. அவங்க துடுப்பும் கையோடு சரி. படகில் மாட்டியிருக்காது. கயாக், கேனோ என்கிற படகுகளும் அந்த ஜாதிதான். அது தனி விளையாட்டு. அதுக்குச் சங்கம் வேறே, விண்ணப்பத் தாளும் வேறே. தெரியாமல் மாற்றி எழுதிக் கொடுத்து அலைந்தவங்க உண்டு."

"அப்போ இவ ஓட்டுறது?"

மாமா கூடையிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்தார். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது. நீளம், ஒல்லி. ஒருத்தர் ஓட்டும் படகு சுமார் 8 மீட்டர் நீளம் இருக்கும். அகலம் ஒரு முழம்கூட இருக்காது."

துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்கு உருவினார். முருங்கைக்காயின் இரண்டு பக்கமும் செருகினார்.

"துடுப்பு படகோடு சேர்ந்தது. பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் ஒரு கொண்டி. துடுப்பு அந்தக் கொண்டிக்குள்ளே இருக்கும். பாறையைக் கடப்பாரையால் நெம்புவது போலத் தண்ணீரை நெம்பணும். ஓட்டுகிறவர் பின்பக்கம் பார்த்து உட்காருவார். படகு போகும் திசைக்கு முதுகு."

"முதுகைக் காட்டிக்கிட்டா போவாங்க? எதிரே என்ன வருதுன்னு எப்படித் தெரியும்?"

"திரும்பித் திரும்பிப் பார்த்துக்கணும். அதனாலேதான் படகின் மூக்கில் சின்ன ரப்பர் பந்து வைக்கணும்னு விதி. மோதினாலும் ஆளைக் குத்தாது."

இன்னொரு செய்தியும் அம்மாவுக்குப் புதிது. இந்தப் படகை நகர்த்துவது கை மட்டும் இல்லை. இருக்கைக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் உண்டு. அது முன்னும் பின்னும் ஓடும். காலணி படகோடு பொருத்தியிருக்கும். முழங்காலை மடக்கி முன்னால் வந்து, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, காலால் உதைக்க வேண்டும். பிறகு முதுகு சாயும். கடைசியில்தான் கை இழுக்கும். பலத்தில் பெரும்பங்கு காலிலிருந்து வருகிறது. கோ-கோ ஆடிய பெண்ணை ஏன் பிடித்துப் போனார்கள் என்று அம்மாவுக்கு அப்போது புரிந்தது.

மூன்று குறிகள்

"இப்போ தாளுக்கு வருவோம். தங்கச்சி, பூக்கணக்கில் இந்தக் குறியை நீ போடுறியா?" மாமா × என்ற குறியைத் தொட்டுக் காட்டினார்.

"பெருக்கல். நாலு முழம் பெருக்கல் நாற்பது ரூபாய்."

"இங்கே அது பெருக்கல் இல்லை. இரண்டு கோடு குறுக்கே போகுது பார். ஒரு ஆளுக்கு இரண்டு துடுப்பு. வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. இதை ஸ்கல் என்று சொல்வார்கள். முன்னால் இருக்கும் எண், எத்தனை பேர் என்பது."

அம்மா விரலை வைத்துப் படித்தாள்.

1× என்றால் ஒருவர், இரண்டு துடுப்பு.
2× என்றால் இரண்டு பேர், நான்கு துடுப்பு.
4× என்றால் நான்கு பேர், எட்டுத் துடுப்பு.

"பெருக்கல் குறி இல்லாமல் வெறும் 2, 4, 8 என்று வந்தால்?"

"அப்போ ஒரு ஆளுக்கு ஒரே துடுப்பு. இரண்டு கையாலும் அதையே பிடிக்கணும். அது ஸ்வீப். துடுப்பும் நீளம் அதிகம்."

மாமா இன்னொரு முருங்கைக்காய் எடுத்து ஒரு பக்கம் மட்டும் ஈர்க்குச் செருகினார். "ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் என்ன ஆகும்?"

"பரிசல் மாதிரிச் சுத்தும்."

"அதான் இதில் ஒற்றை ஆள் படகு கிடையாது. ஒருத்தர் வலப்பக்கம், ஒருத்தர் இடப்பக்கம். இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டைப்படையில்தான் வரும்."

அடுத்து கூட்டல் குறி. எண்ணுக்குப் பக்கத்தில் + இருந்தால் படகில் ஓர் ஆள் கூடுதல். அவர் துடுப்புப் போடமாட்டார். சுக்கான் பிடிப்பார். அவர் மட்டும் முன்பக்கம் பார்த்திருப்பார். அவருக்குக் காக்ஸ் என்று பெயர். வழி பார்ப்பது, வேகம் சொல்வது, தளர்ந்தவர்களுக்குக் குரல் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கழித்தல் குறி இருந்தால் அந்த ஆள் இல்லை. துடுப்புப் போடுகிறவர்களில் ஒருவர் தம் காலணியோடு சுக்கான் கம்பியை இணைத்துக்கொண்டு, பாதத்தை அசைத்துப் படகைத் திருப்புவார்.

"அப்போ 8+ என்றால் படகில் ஒன்பது பேர்!" என்றாள் அம்மா.

"சரி. 4− என்றால்?"

"நாலு பேர், நாலு துடுப்பு. சுக்கான்காரர் இல்லை."

மகள் சோற்றைப் பிசைந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதமாக அவளுக்குத் தெரியாததை அம்மா அரை மணி நேரத்தில் படித்துவிட்டாள்.

இந்தப் படகுகள் முன்பு மரத்தால் செய்யப்பட்டன. இப்போது கார்பன் நாரால் செய்கிறார்கள். எடை மிகவும் குறைவு. எவ்வளவு குறையலாம் என்பதற்கும் விதி உண்டு. 1× படகு 14 கிலோவுக்குக் குறையக் கூடாது. 2× படகு 27 கிலோ. 4× படகு 52 கிலோ. 8+ படகு 96 கிலோ. எட்டுப் பேரும் சுக்கான்காரரும் ஏறும் அந்தப் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம். ஆனாலும் அதை ஓட்டுகிறவர்களே தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒற்றை ஆள் படகு, கடையில் விற்கும் 25 கிலோ அரிசி மூட்டையைவிட லேசு. அதனால்தான் அது நோஞ்சான் போல ஆடும். நின்றால் கவிழும்.

சுக்கான்காரருக்கும் எடைக் கணக்கு உண்டு. 55 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் மணல் பை போன்ற சுமையை உடன் வைத்துச் சரிசெய்வார்கள். எடை குறைந்த குழந்தையை உட்கார வைத்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. ஆண்கள் படகுக்குப் பெண் சுக்கான் பிடிக்கலாம். பெண்கள் படகுக்கு ஆணும் பிடிக்கலாம். 2017 முதல் உலகப் போட்டிகளில் இப்படி.

எழுத்துகள் சொல்வது

எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்துகள் இருந்தன. எம் என்றால் ஆண்கள். டபிள்யூ என்றால் பெண்கள். ஜே என்று முன்னால் வந்தால் இளையோர். பி என்று வந்தால் 23 வயதுக்கு உட்பட்டவர்கள்.

"இளையோர் என்றால் எத்தனை வயசு?" அம்மா கேட்டாள். மகள் சொன்ன ஜனவரிக் கணக்கு அவள் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

"பிறந்த நாளைப் பார்க்க மாட்டாங்க. பிறந்த வருஷத்தைப் பார்ப்பாங்க. உலக விதிப்படி, 18 வயது முடியும் வருஷம் டிசம்பர் 31 வரைக்கும் இளையோர்தான். இவளுக்கு வர்ற ஜனவரியில் 18 முடியுது. அந்த வருஷம் முழுக்க இவ இளையோரில் ஓட்டலாம். இந்தத் தாளில் என்ன போட்டிருக்குன்னு பார்." மாமா தாளின் அடியைக் காட்டினார். அங்கும் பிறந்த ஆண்டைத்தான் குறித்திருந்தார்கள்.

"அப்போ இது கடைசி வாய்ப்பு இல்லையா?" என்றாள் மகள்.

"யார் சொன்னது? பிறப்புச் சான்றிதழைப் பத்திரமா வை. அது போதும்."

27 வயதான பிறகு 'மாஸ்டர்ஸ்' என்று ஒரு பிரிவு தொடங்குகிறது. அதில் அறுபது, எழுபது வயதுக்காரர்களும் ஓட்டுகிறார்கள். உடல் ஊனமுற்றவர்களுக்கும் பிரிவுகள் உண்டு. தோளும் கையும் மட்டும் இயங்குபவர்கள் பிஆர்1. உடலையும் அசைக்க முடிந்தால் பிஆர்2. காலையும் பயன்படுத்த முடிந்தவர்களும் பார்வைக் குறை உள்ளவர்களும் பிஆர்3. சீனாவில் ஹாங்சோ நகரில் 2023 அக்டோபரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் அனிதா, நாராயணா இருவரும் பிஆர்3 கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்றார்கள். நாராயணா, கண்ணிவெடியில் காலை இழந்த ராணுவ வீரர்.

எல் என்ற எழுத்து

"இனிமேதான் 59 கிலோ" என்றார் மாமா.

எல் என்று ஓர் எழுத்து உண்டு. அது முன்னால் வந்தால் எடை குறைந்தோர் பிரிவு. உயரமும் எடையும் உள்ளவர்கள் இந்த விளையாட்டில் எளிதில் வெல்வார்கள். நீண்ட கை, நீண்ட கால், பெரிய நெம்பு. சிறிய உடல்வாகு உள்ள நாட்டுக்காரர்களும் போட்டி போட வேண்டும் என்று 1974-இல் உலகப் போட்டியில் இந்தப் பிரிவைத் தொடங்கினார்கள். ஆண்கள் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பெண்கள் 59 கிலோவைத் தாண்டக் கூடாது. குழுவாக ஓட்டினால் சராசரியும் பார்ப்பார்கள். ஆண்களுக்கு 70, பெண்களுக்கு 57. பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் முன்பு வரை தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள்.

நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் அது வேறு மாதிரியும் வேலை செய்தது. எடை கூடியவர்கள் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தார்கள். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடி வியர்வையை வடித்தார்கள். நிறுத்து முடிந்ததும் அள்ளிக் குடித்தார்கள். உடம்பு தாங்குமா? ஒலிம்பிக்கில் 1996 முதல் 2024 வரை இந்தப் பிரிவு இருந்தது. அதோடு சரி. 2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் எல் பிரிவு கிடையாது. அதற்குப் பதிலாகக் கடற்கரைப் படகோட்டம் வருகிறது.

"தரையில் கண் இருட்டினா பூக்கூடை விழும். தண்ணி நடுவே கண் இருட்டினா?" மாமா மருமகளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை.

"சரி, உன் பிரிவு எது? நீயே படி."

மகள் படிப்பதற்குள் அம்மா தாளை இழுத்துக்கொண்டாள். மாமா எழுத்துகளைச் சொன்னார். அம்மா பொருள் சொன்னாள்.

"ஜே."

"சின்னவங்க."

"டபிள்யூ."

"பொம்பளைப் பிள்ளைங்க."

"4, அப்புறம் ×."

"நாலு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு. மொத்தம் எட்டுத் துடுப்பு."

"எல் எங்கே இருக்கு?"

அம்மா மேலிருந்து கீழே தேடினாள். பெரியவர்கள் பகுதியில் இருந்தது. இளையோர் பகுதியில் ஓரிடத்திலும் இல்லை.

"இல்லையே!"

"இருக்காது. உலக இளையோர் போட்டியிலும் கிடையாது. வளர்ற பிள்ளைகளைப் பட்டினி போடக் கூடாதுன்னுதான். விடுதியில் பெரிய பெண்கள் எல் பிரிவில் ஓட்டுறாங்க. அவங்க பேசினதை இவளும் தனக்குன்னு எடுத்துக்கிட்டா."

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமா அதோடு விடவில்லை. அவளுடைய பயிற்சியாளருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் நன்றாகத் திட்டு விழுந்தது. 'சாப்பிடாமல் வந்தால் படகில் ஏற்ற மாட்டேன்' என்ற கடைசி வாக்கியம் அம்மாவுக்கே கேட்டது. அவள் எழுந்து போய் இன்னும் இரண்டு அகப்பை சோறு கொண்டுவந்தாள்.

இரண்டு கிலோமீட்டர்

பந்தயத் தூரம் 2000 மீட்டர். ஆறு படகுகள் பக்கம் பக்கமாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 13.5 மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. மிதவைகளைக் கட்டிப் பாதை பிரித்திருப்பார்கள். ஆண்கள் எட்டுப் பேர் படகு இந்தத் தூரத்தை ஐந்தரை நிமிடத்தில் கடந்துவிடும். ஒற்றைப் பெண் ஓட்டும் படகுக்கு ஏழரை, எட்டு நிமிடம் ஆகும். சிறுவர்களுக்குத் தூரம் குறைவு. லாஸ் ஏஞ்சலிசில் இடம் போதாததால் ஒலிம்பிக்குக்கே 1500 மீட்டர்தான்.

பல போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றால் உடனே வெளியே அனுப்பிவிடுவதில்லை. தோற்றவர்களுக்குள் இன்னொரு பந்தயம் வைப்பார்கள். அதில் வென்றால் மீண்டும் உள்ளே வரலாம். வேறு பல விளையாட்டுகளில் இந்தச் சலுகை கிடைக்காது.

பெண்களுக்கு இந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆண்கள் 1900-ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டார்கள். பெண்களை 1976-இல்தான் சேர்த்தார்கள். அப்போதும் 'உங்களால் முடியாது' என்பது போல 1000 மீட்டர்தான் கொடுத்தார்கள். 1988-இல்தான் ஆண்களுக்குச் சமமாக 2000 மீட்டர் கிடைத்தது.

நம் நாட்டில் இந்த விளையாட்டை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். சென்னையில் அடையாற்றங்கரையில் உள்ள படகுக் கழகம் 1867-இல் தொடங்கியது. அது கொழும்புக் கழகத்தோடு நூறாண்டுக்கும் மேலாகப் போட்டி போட்டு வருகிறது. நெடுங்காலம் வசதி உள்ளவர்களின் விளையாட்டாகவே இருந்தது. படகின் விலை அப்படி. பிறகு ராணுவம் அதைக் கையில் எடுத்தது. கிராமத்துப் பையன்கள் படகில் ஏறினார்கள்.

மாமாவுக்கு மிகவும் பிடித்தவர் தத்து போகனல். மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்துக்காரர். குடிக்கும் தண்ணீருக்கே பஞ்சமான ஊர் அவருடையது. ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகு ஓட்டி 13-ஆம் இடம் பிடித்தார். 2018-இல் இந்தோனேசியாவில் ஆசிய விளையாட்டு. ஒற்றையர் இறுதிப் பந்தயத்தின்போது அவருக்கு உடம்பு சரியில்லை. கடைசியாக வந்தார். மறுநாள் நால்வர் படகு. ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் அவரும் ஏறினார். அன்று தங்கம்.

"அது என்ன படகு தெரியுமா? 4×. உன் பொண்ணு ஓட்டுற அதே படகு" என்றார் மாமா.

அதற்கு முன் 2010-இல் சீனாவில் பஜ்ரங் லால் தாக்கர் 1× படகில் தங்கம் வென்றிருந்தார். ஆசிய விளையாட்டில் துடுப்புப் படகில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அதே ஆண்டு பிரதிமா புகானா, பிரமிளா பிரவா மின்ஸ் என்ற ஒடிசாப் பெண்கள் இருவர் டபிள்யூ2− பிரிவில் வெண்கலம் வென்றார்கள். ஹாங்சோவில் 2023 செப்டம்பரில் நடந்த ஆசிய விளையாட்டில் ஐந்து பதக்கங்கள். இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலம். ஐந்தும் ஆண்களுக்கு. ஒடிசாப் பெண்களைப் போல இன்னும் பலர் வர வேண்டியிருக்கிறது.

"1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டில்தான் முதன்முதலாத் துடுப்புப் படகைச் சேர்த்தாங்க. பந்தயம் நடந்தது ஜெய்ப்பூர் பக்கத்தில் ராம்கர் ஏரியில். அத்தனை பெரிய ஏரி. பிற்பாடு தண்ணி வர்ற வழியெல்லாம் அடைபட்டு வறண்டே போச்சு." மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முருங்கைக்காய்களை எடுத்துக் கூடையில் போட்டார். "நாளைக்குச் சாம்பார் வை" என்றார்.

விஜயதசமி முடிந்து மகள் பெங்களூர் போனாள். எடை 62.

மூன்று வாரம் கழித்து அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. மார்க்கெட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஏரி. கரையில் பிரிவுப் பலகை. தண்ணீரில் ஒல்லியான படகு. நான்கு பெண்கள். அம்மா துடுப்புகளை எண்ணினாள். எட்டு.

"எது உன் பொண்ணு?" என்று பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"முன்னாலே இருந்து ரெண்டாவது. முதுகுதான் தெரியுது. அப்படித்தான் உட்காரணும்" என்றாள் அம்மா. "முதல் சுற்றில் நாலாவதா வந்தாங்களாம். நாளைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கு."

படித்துப் பாருங்கள்

ஹாங்சோவில் இந்தியா பதக்கம் வென்ற பிரிவுகள் இவை. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், எத்தனை துடுப்பு, சுக்கான்காரர் உண்டா, எடைக் கட்டுப்பாடு உண்டா என்று சொல்லுங்கள்.

எல்எம்2×, எம்8+, எம்2−, எம்4−, எம்4×

உங்கள் ஊர் ஆற்றிலோ ஏரியிலோ ஓடும் படகு எது? அதில் துடுப்பு கையில் இருக்கிறதா, கொண்டியில் இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.